நாலு விரல் பள்ளம்

ஜனவரி 12

என் அக்கா ஈன்றெடுத்த வக்கீலம்மாவுக்கு,

இங்கே நானும் உன் அத்தையும் என் தொந்தியும் சௌக்கியம். தொந்தி கொஞ்சம் கூடுதலாகவே சௌக்கியம். அங்கே நீ, அக்கா, அத்தான், அத்தானின் முழங்கால் ஆகிய நால்வரும் எப்படி இருக்கிறீர்கள்?

உன்னைத் தலைமை நர்ஸ் ஆக்கிவிட்டார்கள் என்று கேட்டு என் நெஞ்சு விம்மியதில் சட்டைப் பொத்தான் இரண்டு தெறித்து எதிர்வீட்டு ஜன்னலில் பட்டது. நீ பெயருக்குத்தான் நர்ஸ், பிறவியில் வக்கீல். காணாமல் போன பிஸ்கட் டப்பா விஷயமாக ஐந்து வயதிலேயே என்னைக் குறுக்கு விசாரணை செய்து கண்ணீரோடு ஒப்புக்கொள்ள வைத்தவள் அல்லவா! போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய். அதனால்தான் கடிதம்.

மேலே இருக்கும் டாக்டர்களிடமும் கீழே இருக்கும் ஆயாக்களிடமும் எப்படிப் பேசுவது என்று கேட்டிருந்தாய். சரியான ஆளைத்தான் கேட்டாய். நான்கு மாடி நோட்டுப் புத்தகத் தொழிற்சாலைக்கு மேனேஜராகி எட்டு மாதம் ஆகிறது. உலகத்தில் பாதிப் பிள்ளைகள் என் காகிதத்தில்தான் கணக்குத் தப்பாகப் போடுகிறார்கள். தரைத்தளத்தில் பேக்கிங், முதல் மாடியில் கட்டிங், இரண்டாம் மாடியில் தையல், மூன்றாம் மாடியில் உதவி மேனேஜர், நான்காம் மாடியில் மேகங்களோடு மேகமாக நான்.

இங்கே என் சட்டம் மூன்றே. யாருக்குக் குறை இருந்தாலும் சீட்டில் எழுதித் தன் மாடித் தலைவரிடம் தர வேண்டும். சீட்டு மாடி மாடியாக ஏறி வரும், எந்த மாடியையும் தாண்டக் கூடாது. இரண்டாவது, நான் ஒரு முறை பதில் எழுதிவிட்டால் அந்த விஷயம் தீர்ந்தது. அதே விஷயம் மறுபடி படியேறக் கூடாது. மூன்றாவது, கீழே இருப்பவர்களிடம் எதைச் சொன்னாலும் சிரிக்கச் சிரிக்கச் சொல்ல வேண்டும். சிரித்தவன் சண்டைக்கு வரமாட்டான். எட்டு மாதத்தில் நாலாம் மாடிக்கு வந்த சீட்டு மொத்தம் ஆறு. முந்தைய மேனேஜருக்கு வாரத்துக்கு அறுபது. புரிகிறதா என் மகிமை?

இப்படிக்கு,
நான்காம் மாடிச் சக்கரவர்த்தி, உன் மாமா


ஜனவரி 25

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் நலம். அப்பாவின் முழங்கால் உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னது. உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “இவன் பொத்தான் தெறிச்ச கதையை நம்பாதே, அவன் சட்டையில பொத்தானே கிடையாது” என்றார்.

என் வார்டில் ஒரு ஆயா இருக்கிறார். இருபது வருட அனுபவம். எதைச் சொன்னாலும் “சரிங்க சிஸ்டர்.” எதைக் கேட்டாலும் “ஒண்ணுமில்லீங்க சிஸ்டர்.” அந்த ‘ஒண்ணுமில்லீங்க’வுக்குள் என்னவோ இருக்கிறது என்று தோன்றுகிறது. உள்ளே போக வழி தெரியவில்லை.

ஒரு கேள்வி, வக்கீலாகத்தான் கேட்கிறேன். ஆறே சீட்டு வந்ததென்றால் குறை குறைந்துவிட்டதா, இல்லை சீட்டுத்தான் குறைந்ததா? நீங்கள் கேட்க விரும்பாத ஒன்றைக் கடைசியாக உங்களிடம் சொன்னது யார்?

அன்புடன்,
உங்கள் வக்கீலம்மா


பிப்ரவரி 6

கனம் கோர்ட்டார் அவர்களுக்கு,

குற்றவாளி நலம். அத்தைக்கு லேசாக ஜலதோஷம். அவள் தும்மும்போதெல்லாம் வீடு ஓரடி நகர்ந்து திரும்புகிறது. அங்கே எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஆணையிடுகிறேன்.

உன் கேள்விக்கு இதோ சாட்சியம். இங்கே சரக்கு லிப்ட் ஒன்று உண்டு. எங்கள் தொழிற்சாலை பிறப்பதற்கு முன்பே அந்த லிப்ட் பிறந்து, கட்டடம் வருகிற வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று ஏறி இறங்கிக்கொண்டிருந்ததாம். அதை ஓட்டுபவர் ஒரு மனிதர். நான் அவருக்கு ‘அளவுகோல்’ என்று பட்டம் சூட்டியிருக்கிறேன், காரணம், எதையும் விரலால் அளந்துதான் பேசுவார். காகிதக் கட்டு ஆறு விரல், மழை அரை விரல், மேனேஜருக்குக் கோபம் ரெண்டு விரல். எழுதுவதென்றால் மட்டும் அவருக்குக் கை ஓடாது.

மூன்றாம் தேதி அவரிடமிருந்து ஒரு சீட்டு நான்கு மாடி ஏறி வந்தது. கட்டிங்கில் விழும் கழிவுக் காகிதத்தில் ஒரு தேதி, ஒரு கட்டம், கட்டத்துக்குக் கீழே இரண்டு கோடு. அவ்வளவுதான். உதவி மேனேஜர்தான் பொழிப்புரை சொன்னார்: “லிப்ட்டு மாடிக்கு நேரா நிக்காம ரெண்டு விரல் எறங்கி நிக்குதாம் சார். கயிறைப் பாக்கணும்கறார்.”

விடுவேனா? சிவப்பு மையில் எழுதினேன்: ‘லிப்ட்டுக்குப் பணிவு முற்றிவிட்டது. மாடியை நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்படுகிறது. ஒரு பலகையைப் போட்டுக் கைதூக்கி விடவும்.’

சீட்டு இறங்கியது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன். மூன்றாம் மாடியில் ஒரு சிரிப்பு. இரண்டாம் மாடியில் பத்துச் சிரிப்பு. முதல் மாடியில் கட்டிங் மெஷினே சிரித்தது. ஒரே சீட்டில் நான்கு மாடியையும் ஒன்றாகச் சிரிக்க வைத்த மேனேஜர் சரித்திரத்தில் உண்டா?

வேடிக்கையின் உச்சம் இனிமேல்தான். இரண்டு நாள் கழித்து லிப்ட்டில் ஏறுகிறேன், நிஜமாகவே ஒரு பலகை! தச்சரிடம் அளவு கொடுத்து, ஓரம் சீவி, தூக்கிப் போட வசதியாகக் கயிறு கட்டிய பலகை. “பலகை வந்துடுச்சு சார்” என்று அளவுகோல் காட்டுகிறார். முகமெல்லாம் பூரிப்பு. நானும் ராஜ தோரணையில் தலையசைத்தேன். தள்ளுவண்டி அதன்மேல் தடதடவென்று போகிற அழகே அழகு.

ஆக, கேட்க விரும்பாததையும் கேட்டேன், தீர்ப்பும் சொன்னேன். வழக்கு தள்ளுபடி.

பலகை தந்த பெருமான்,
மாமா


பிப்ரவரி 20

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையின் ஜலதோஷம் போயிற்றா? அம்மா மிளகு போட்ட பாலைக் குடிக்கச் சொன்னார்.

நானும் சிரித்தேன், மறைக்கவில்லை. உங்கள் மூன்றாவது சட்டத்தைப் பரீட்சை செய்தும் பார்த்தேன். போன வாரம் ஆயா என் மேஜைப் பக்கம் வந்து, “சிஸ்டர், அந்த மூணாம் கட்டிலு...” என்று இழுத்தார். “என்ன, கட்டிலுக்குக் கால் முளைச்சுடுச்சா?” என்றேன். அங்கே இருந்த நர்ஸ்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆயாவும் சிரித்தார். “ஒண்ணுமில்லீங்க சிஸ்டர்” என்று போய்விட்டார். அதற்கப்புறம் என் மேஜைப் பக்கம் அவர் வரவே இல்லை.

மாமா, லிப்ட்டின் கயிற்றை யாராவது பார்த்தார்களா?

அன்புடன்,
வக்கீலம்மா


மார்ச் 29

அன்புள்ள மாமாவுக்கு,

நலம்தானே? ஐந்து வாரமாகப் பதில் இல்லை. உங்களுக்கு ஐந்து வாரம் வாய் ஓய்ந்தது என்றால் பஞ்சாங்கத்தில் குறித்து வைக்க வேண்டும். வீட்டுக்குப் போன் செய்தேன். “மாமா தூங்கறார்மா” என்றார் அத்தை. காலை பதினோரு மணி. பின்னால் நீங்கள் நடக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

இரண்டு வரியாவது போடுங்கள்.

வக்கீலம்மா


ஏப்ரல் 11

அருமை வக்கீலம்மாவுக்கு,

நான் நலம். நலத்துக்கு என்ன குறைச்சல். அக்காவும் அத்தானும் நலமாக இருக்கட்டும்.

வேலை மலைபோல. மலை என்றால் சாதாரண மலையா, அதன் உச்சியில் இன்னொரு மலை. லிப்ட் ரிப்பேர். நான்கு மாடியும் படியேறித்தான் போகிறேன். உடம்புக்கு நல்லதுதானே? இன்னும் ஒரு மாதத்தில் என்னை முன்னாலிருந்து பார்த்தாலே முதுகு தெரியும் அளவுக்கு மெலிந்துவிடுவேன்.

நீ மருத்துவம் தெரிந்தவள், ஒன்று கேட்கிறேன். வாசற்படி தாண்டும்போது அந்தப் பக்கத் தரை கொஞ்சம் பள்ளத்தில் இருப்பதுபோல் கால் நினைத்துக்கொள்ளும் வியாதி ஏதாவது உண்டா? கொஞ்சம் என்றால் நாலு விரல். வீட்டில், ஆபீஸில், எங்கே போனாலும். காலைத் தாழ்த்தி வைக்கிறேன், தரை முன்னாலேயே வந்து இடித்துவிடுகிறது. நேற்றுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் தடுமாறினேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

இன்னொரு சில்லறை விஷயம். என் பழைய கடிதங்களை வைத்திருக்கிறாயா? பிப்ரவரியில் ஒன்று எழுதினேனே, கையெழுத்து கோழி கிண்டியது மாதிரி இருக்கும். கிழித்துப் போட்டுவிடு. பின்னால் வரும் சந்ததி பார்த்தால் என் புகழுக்கு இழுக்கு.

மாமா

பி.கு. இன்று காலை என் அறைக் கதவுக்கு அடியில் ஒரு சீட்டு கிடந்தது. யார் போட்டார்கள் என்று தெரியவில்லை.


ஏப்ரல் 22

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மாவிடம் அத்தை அழுதுவிட்டார். மார்ச் மூன்றாம் தேதி லிப்ட் அறுந்து விழுந்ததையும் அதில் ஒருவர் இறந்ததையும் சொன்னார். நீங்கள் எனக்கு ‘ரிப்பேர்’ என்று எழுதினீர்கள்.

இறந்தது அளவுகோலா, மாமா?

கால் தடுமாறுவதற்குக் காது டாக்டரைப் பாருங்கள். சில சமயம் காதுதான் காரணமாக இருக்கும். காதில் ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னால் எனக்கு எழுதுங்கள்.

கடிதத்தை நான் கிழிக்கவில்லை.

வக்கீலம்மா


மே 10

வக்கீலம்மாவுக்கு,

காது ஒழுங்காக இருக்கிறது. ஊசி விழுந்தால் எந்தக் கடையில் வாங்கிய ஊசி என்று சொல்கிற காது என்றார் டாக்டர். அத்தை சரியாகச் சாப்பிடுவதில்லை. நீங்கள் எல்லோரும் சாப்பிடுங்கள்.

ஆமாம். அவர்தான்.

செத்துப்போன மனிதருக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது தெரியுமா? மாடி மாடியாக அனுப்பாமல் இப்போது நேரே நாலாம் மாடிக்கே சீட்டுப் போடுகிறார். நான் வருவதற்கு முன்பே கதவுக்கு அடியில் கிடக்கிறது. அதே கழிவுக் காகிதம், அதே கட்டம். முதலில் வந்தது பிப்ரவரி பத்து, மூன்று கோடு. பதினைந்து நாள் கழித்து இன்னொன்று: பிப்ரவரி பதினேழு, மூன்று முழுக்கோடு, பக்கத்தில் ஒரு குட்டைக்கோடு. அரை விரலைக்கூட விடவில்லை. போன திங்கட்கிழமை மூன்றாவது: பிப்ரவரி இருபத்து நான்கு, நாலு கோடு. கதவைத் திறக்கும்போது முதலில் கண்ணை மூடிக்கொண்டு குனிகிறேன். உன் மாமா பேயைப் பார்த்தால் பேய்தான் ஓடும் என்று ஊரெல்லாம் சொன்னவன் நான்.

தலைமை அலுவலகத்திலிருந்து அறிக்கை வந்திருக்கிறது. ‘லிப்ட் ஓட்டுநர் யாரையும் கேட்காமல் தன்னிஷ்டத்துக்குப் பலகை வைத்தார். பலகை சுவருக்கும் லிப்ட்டுக்கும் நடுவே சிக்கியதால் கயிறு அறுந்தது. விபத்துக்கு அவருடைய அலட்சியமே காரணம்.’ கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். ஜூன் பதினைந்துக்குள் போட வேண்டும். போட்டால் அவர் குற்றவாளி, எல்லாம் அமைதி.

போன வாரம் அவர் மனைவி வந்திருந்தார். என் ஜன்னலிலிருந்து பார்த்தேன், வாசலில் நின்றார், போனார். என்ன சொன்னார் என்று கேட்டனுப்பினேன். மாடி மாடியாக ஏறிப் பதில் வந்தது: “வணக்கம் சொல்லச் சொன்னாங்க சார்.” சாயங்காலம் படியிறங்கிப் போகும்போது வாசல் காவல்காரரை நானே கேட்டேன். அவர் சொன்னார்: “‘அவரு கேக்காம ஒரு ஆணிகூட அடிக்க மாட்டாரு. பலகை போடச் சொன்னது யாருன்னு மேல கேட்டுச் சொல்லுங்க’ன்னு அந்தம்மா கேட்டுச்சு சார். நான் அப்படியேதான் பேக்கிங் மேஸ்திரிகிட்ட சொன்னேன்.”

அந்தக் கேள்வி நான்கு மாடி ஏறுவதற்குள் வணக்கம் ஆகிவிட்டது.

வெயில் ஜாஸ்தி. அக்காவை வெளியே போக வேண்டாம் என்று சொல்.

மாமா


மே 21

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் சாப்பிடுகிறோம். நீங்களும் அத்தையும் சாப்பிடுங்கள்.

பேய் இருபத்து நான்காம் தேதிச் சீட்டைப் பத்தாம் தேதிச் சீட்டுக்கு அப்புறம் வரிசை மாறாமல் போடுமா என்று தெரியாது. சீட்டுகளை ஒழுங்காக அடுக்கி வைக்கிற மனிதர் போடுவார். நீங்கள் ஒரு முறை பதில் எழுதிவிட்டீர்கள். அதே விஷயம் மறுபடி படியேறக் கூடாது. அப்படியானால் அடுத்தடுத்து வந்த சீட்டுகள் யாருடைய இழுப்பறையில் நின்றிருக்கும்? அவரும் உங்களைப் போலத்தான் வாசற்படியில் தடுமாறிக்கொண்டிருப்பார்.

இப்போது என் கதை. ஆயா துணி மடித்துக்கொண்டிருந்தபோது நானும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மடித்தேன். மூன்று நாள் ஒன்றும் பேசவில்லை. நான்காம் நாள் போர்வையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “மூணாம் கட்டிலு மணி அடிக்கலீங்க சிஸ்டர். அமுக்கினா சத்தமே வரலை. மூணு மாசம் ஆச்சு.”

“ஏன்மா சொல்லலை?”

“சொல்ல வந்தேன். நீங்க சிரிச்சீங்க.”

அந்தக் கட்டிலில் மார்ச் மாதம் ஒரு பெரியவர் இருந்தார். தப்பித்துவிட்டார். மணி அடித்ததால் இல்லை, ஆயா தன் நாற்காலியை அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததால். இதை எந்த டாக்டரும் அறிய மாட்டார். நானும் இரண்டு மாதம் அறியவில்லை.

உங்கள் பிப்ரவரிக் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் முதல் சீட்டின் தேதி இருக்கிறது. பலகைக்கு முன்பே கயிறு தளர்ந்தது இருக்கிறது. பலகை போடச் சொன்னவர் இருக்கிறார். கிழிக்கச் சொன்னீர்கள். அது உங்கள் கடிதம், கிழிப்பதானால் நீங்களே கிழியுங்கள். நான் நகல் எடுக்கவில்லை.

அன்புடன்,
உங்கள் மருமகள்


ஜூலை 2

அன்புள்ள மருமகளுக்கு,

நானும் அத்தையும் இருக்கிறோம். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள்.

உன் கடிதத்தை ஒன்பது நாள் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். மூன்று தடவை கிழிக்க எடுத்தேன். பத்தாம் நாள் மூன்றாம் மாடிக்கு இறங்கிப் போய் உதவி மேனேஜர் முன்னால் உட்கார்ந்து அதைச் சத்தமாகப் படித்தேன். பணிவு முற்றிவிட்டது, கைதூக்கி விடவும், எல்லாவற்றையும். அவர் அழ ஆரம்பித்துவிட்டார்.

“நீங்கதான் சார் பதில் சொல்லியாச்சே. அதான் அப்புறம் வந்த சீட்டையெல்லாம் உள்ளயே வெச்சுட்டேன். ஒண்ணொண்ணாப் போட்டேன். எல்லாத்தையும் ஒரே நாள்ல போட தைரியம் வரலை.”

இழுப்பறையைத் திறந்து கடைசிச் சீட்டை எடுத்துக் கையில் கொடுத்தார். மார்ச் இரண்டாம் தேதி. கோடு இல்லை. அளவுகோல் தன் உள்ளங்கையைக் காகிதத்தின்மேல் விரித்து வைத்துச் சுற்றி வரைந்திருந்தார். ஒரு முழுக் கை. விரல் போதாமல் போயிருக்கிறது.

நான் அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. என் கடிதத்தையும் நான்கு சீட்டுகளையும் விசாரணை அதிகாரியிடம் கொடுத்தேன். அறிக்கையிலிருந்து அலட்சியம் என்ற வரியை எடுத்துவிட்டார்கள். கயிறு மாற்றாததும், பலகை மேனேஜர் சொல்லி வைத்தது என்பதும் இப்போது அறிக்கையில் இருக்கிறது. என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அது சரிதான். அதிகாரியிடம் கேட்டு அந்தக் கைச் சீட்டை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டு அளவுகோல் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் தடுமாறி விழப் பார்த்தேன். “பாத்து சார், அங்க பள்ளம் ஒண்ணும் இல்லை” என்றார் அவர் மனைவி. சீட்டைக் கொடுத்தேன். காகிதத்தில் இருந்த கையின்மேல் தன் கையை வைத்துக்கொண்டார். நான் சொன்னேன்: “பலகை போடச் சொன்னது நான்தாம்மா. வேடிக்கைக்கு எழுதினேன்.” வேறு எதுவும் சேர்க்கவில்லை.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்:

“வேடிக்கையா? அன்னிக்கு வீட்டுக்கு வந்து எவ்வளவு சந்தோஷமா சொன்னாரு தெரியுமா சார். ‘என் சீட்டு நாலாம் மாடி வரைக்கும் போயிடுச்சு. மேனேஜரே தன் கையால சிவப்பு மையில பதில் எழுதியிருக்காரு. பலகை போடச் சொல்லியிருக்காரு. இருபத்தாறு வருஷத்துல மேலேருந்து எனக்கு வந்த முதல் பதில்’னாரு. அந்தச் சீட்டை இன்னும் சட்டைப் பையிலதான்...”

அந்தச் சட்டை எது என்று நான் கேட்கவில்லை.

அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது? மூன்றாம் கட்டில் மணியைச் சரி செய்துவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள். அப்புறம் நீயே போய் ஒரு தரம் அமுக்கிப் பார்.

மாமா